பதினோராவது கிலோமீட்டருக்கு அப்பால்

இந்த வருடம் ஐந்தாம் பாதையை முழுசாக நடந்தே தீருவது என்று டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். வரைபடத்தைக் கூடத்தில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலையிலும் நாலு டம்ளர் வைத்தேன். குடிக்க டம்ளர் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொம்போடு காபியைக் குடித்துவிட்டு வெளியே போனார்.

திருப்பதியில் பறவை எண்ணும் குழு ஒன்று இருக்கிறது. கோபிகிருஷ்ணன் என்கிற கல்லூரி ஆசிரியர் நடத்துகிறார். ஜனவரியில் ஒரு நாள், பழவேற்காடு ஏரியைச் சுற்றி ஏழு பாதைகளில் ஆட்களை நடக்கவிட்டு, கண்ணில் படுகிற பறவைகளை எல்லாம் எண்ணி எழுத வைப்பார். ஐந்தாம் பாதை என்னுடையது. இருபத்தாறு கிலோமீட்டர். முதல் ஏழு மணல்மேடு, அடுத்த நாலு கோரையும் சேறும், மீதிப் பதினைந்து ஏரி உள்வாங்கிய வெட்டவெளி. பைக் போகாது, படகு தரைதட்டும். கால்தான்.

திட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரி. சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. ஒரு நூல் அளவு பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆகவே எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். ஐந்தரைக்கு முதல் அடி. வெயில் ஏறுவதற்குள், அதாவது எட்டரைக்குள், மணல்மேடு முடிய வேண்டும். ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். எலுமிச்சை, உப்பு, வேர்க்கடலை உருண்டை, புளிச்சோறு. மூங்கில் கழி இரண்டு. மணலுக்கு மூடிய செருப்பு, சேற்றுக்கு வெறுங்கால். பதினோராவது கிலோமீட்டரில் பத்தரைக்குள் நிற்கவேண்டும்.

பதினோராவது கிலோமீட்டர். அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. கடைசியில் அதற்கு அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு அண்ணிக்குப் போன் செய்தேன்.

ஒரு பாதைக்கு இரண்டு பேர், தனியாக யாரும் போகக்கூடாது என்பது குழுவின் கட்டளை. போன வருடம் என்னோடு வந்தவர் என் அண்ணன் மனைவி சுமித்ரா. காலையிலிருந்து குனிந்து நாற்று நட்டுவிட்டு, சாயங்காலம் எதுவும் நடக்காதது போல் மாடு ஓட்டிவரப் போகிற ஆள். அவரைவிட நல்ல துணை இந்த ஜில்லாவில் கிடையாது.

"நா வரலடி," என்றார்.

"ஏன் அண்ணி?"

"காலு வலிக்குது."

"போன வாரம் மலை ஏறி சாமி கும்பிட்டு வந்தீங்களே, அப்ப வலிக்கலயா?"

"அப்ப வலிக்கல. இப்ப வலிக்குது. இன்னா பண்ணச் சொல்ற?"

வைத்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊர் ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு. கரைமேல் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி வந்துவிடலாம். போன வருடம் அதே நினைப்பில் போனேன். பழவேற்காட்டுக்கு அந்த மாதிரிக் கரையே இல்லை. காற்று ஒரு பக்கம் திரும்பினால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். நேற்று நடந்த இடம் இன்று சேறு. பதினோரு கிலோமீட்டரில் முழங்கால்வரை புதைந்து, ஒரு செருப்பை ஏரிக்குக் கொடுத்துவிட்டு, பகல் ஒரு மணிக்கு நானும் அண்ணியும் திரும்பினோம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எத்தனையோ பேர் திரும்புகிறார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் நான் செய்த காரியம்தான் வெட்கம். படிவத்தில் பன்னிரண்டு முதல் இருபத்தாறு வரை கட்டங்கள் காலியாக இருந்தன. என் நைனா வேர்க்கடலை மகசூல் பார்க்கிற விதம் எனக்கு அத்துப்படி. கொல்லையில் ஒரு கஜம் அளந்து, அதிலிருக்கிற செடியைப் பிடுங்கி, காயை எண்ணி, ஏக்கருக்குப் பெருக்குவார். மூட்டைக் கணக்கு பெரும்பாலும் தப்பாது. நானும் அப்படியே செய்தேன். பதினோரு கிலோமீட்டருக்கு நானூற்றெழுபது பூநாரை என்றால் பதினைந்துக்கு எவ்வளவு? அறுநூற்று நாற்பது. கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதினேன். ஒரு கட்டத்தில் கூட்டி, ஒரு கட்டத்தில் குறைத்து, நிஜம் போலவே எழுதினேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடமாக அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்தத் தடவை முழுப் பாதையும் நடந்து, ஒவ்வொரு பறவையாக எண்ணி எழுதிவிட்டால் பழையது அழிந்துபோகும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதனால்தான் இத்தனை வெறி.

கம்பெனியில் நாலு பேரைத் துணைக்குக் கேட்டேன். இருபத்தாறு என்றதும் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் வேறு வேலை வந்துவிட்டது. புதன்கிழமை கோபிகிருஷ்ணன் போன் செய்தார்.

"காஞ்சனா மேடம், உங்க அறுநூத்தி நாப்பதுதான் போன வருஷம் எங்க அறிக்கைல பெரிய செய்தி. இந்த வருஷம் காலேஜ் பசங்க இருபது பேரை அந்தக் கடைசி மூலைக்கே கூட்டிட்டு வர்றேன். எதிர்ப்பக்க ரோட்டுல இறங்கி உள்ள நடந்து வருவோம். நீங்க அங்க வந்து சேர்ந்துக்குங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க திட்டம் வந்துடணும்."

சரி சார் என்று சொல்லிவிட்டேன். அந்த மூலையை நான் பார்த்ததே கிடையாது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஏரிக்குக் கிளம்பினேன். அங்கே குப்பத்தில் ரங்கையா என்று ஒரு மீனவர் இருக்கிறார். போன வருடம் நாங்கள் சேற்றோடு நின்றபோது குடிக்கத் தண்ணீர் கொடுத்தவர். பாதையை அவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வதுதான் யோசனை. பஸ் நிற்கும் இடத்தில் அண்ணி கூடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"எறா வாங்க வர்றேன்," என்றார். "நடக்கறதுக்கு இல்ல."

வழி முழுக்க ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

ரங்கையா வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வரைபடத்தை மணலில் விரித்தேன். அவர் அதைத் தலைகீழாகத் திருப்பி, தன் பக்கம் ஏரி வருகிற மாதிரி வைத்துக்கொண்டார். மணல்மேட்டுக்கு என் நேரம் சரி என்றார். கோரைக்கு அரை மணி கூட்டச் சொன்னார்.

"இராவணன் மீச புல்லு மொளச்ச எடத்துல காலு நிக்கும்மா. புல்லு உட்டுப்போச்சுனா கழி போட்டுப் பாக்கணும். பறவ நிக்குதேன்னு நம்பிக் கால வெக்காத. அதுக்கு எடையே லேது, கனமே இல்ல."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பிறகு கடைசி மூலையில் விரலை வைத்தேன். "இங்க பூநாரை நெறைய நிக்குமில்ல? போன வருஷம் அறுநூறுக்கு மேல."

ரங்கையா என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னா?"

"அறிக்கைல போட்டிருக்கு."

"அறிக்க எழுதனவன் இங்க வரலம்மா. போன வருசம் மழ இல்ல. ஜனவரில அந்த மூலைல நீள்ளு லேது, தண்ணியே இல்ல. மேல காஞ்ச ஏடு, கீழ புதசேறு. எங்க எரும ஒண்ணு எறங்கிப் போச்சு. நாலு பேரு கயிறு கட்டி இழுத்தும் வரல. அப்படியே செத்துச்சு. பறவையாவது ஒண்ணாவது."

"உங்களுக்கு நல்லாத் தெரியுமா? வேற மூலையா இருக்கப்போவுது," என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். தப்பு என் பக்கம் இருந்தால் என் குரல் ஏறிவிடும்.

"எரும என்னுதும்மா," என்றார் அவர் சாதாரணமாக. "இந்த வருசமும் அப்படித்தான் கீது. பாக்கறதுக்கு ரோடு மாதிரி இருக்கும்."

அண்ணி நாலடி தள்ளிக் குந்தி இறாலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. ஆனால் பொறுக்குகிற கை நின்றுவிட்டது.

இருபது பிள்ளைகள். ரோடு மாதிரி இருக்கிற சேறு. ஒரு நொடி, பாதை சரியில்லை, பிள்ளைகள் வேண்டாம் என்று மட்டும் சொல்லித் தப்பித்துவிடலாமா என்றும் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் என் அறுநூற்று நாற்பது அறிக்கையில் இருக்கிறவரை, அடுத்த வருடம் வேறு யாராவது இருபது பேரைக் கூட்டிவருவார்கள்.

அங்கேயே நின்று கோபிகிருஷ்ணனுக்குப் போன் போட்டேன்.

"சார், பசங்களக் கூட்டி வராதீங்க. அந்த மூலை புதைசேறு. அப்பறம், போன வருஷம் நான் அங்க போகவே இல்ல. பன்னெண்டுலேருந்து இருபத்தாறு வரைக்கும் எல்லாக் கட்டமும் நானா எழுதினது."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"அறுநூத்தி நாப்பதும்?" என்றார்.

"அறுநூத்தி நாப்பதும்."

"திருத்தம் போடணும். உங்க பேரைச் சொல்லித்தான் போடணும்."

"போடுங்க சார்."

"பாதையை உங்களுக்கே குடுக்கறதா இல்லையான்னு நான் ஒருத்தன் சொல்ல முடியாது. நாளைக்குக் குழுவுல கேக்கறேன்." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கேளுங்க. இல்லன்னு சொன்னா யார் நடக்கறாங்களோ அவங்களுக்கு என் திட்டத்தக் குடுத்துடுங்க. சேறு எங்க, புல்லு எங்க, எல்லாம் எழுதி இன்னிக்கே அனுப்பறேன். குடுத்தீங்கன்னா கடைசி வரைக்கும் நடப்பேன். பூஜ்யம்னா பூஜ்யம்னு எழுதுவேன்."

"ரெண்டு பேர் வேணும், மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன். ரங்கையா நல்ல மனிதர், வலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்து, பதினோராவது கிலோமீட்டருக்கு அடியில் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே எழுதினேன். சேற்றை விட்டு மணல் விளிம்போடு சுற்ற வேண்டும். மூன்று கிலோமீட்டர் கூடும். ஆக இருபத்தொன்பது. கிளம்புவது நாலரை. தண்ணீர் ஆளுக்கு ஆறு லிட்டர். பறவை எவ்வளவு இருக்கும் என்ற இடத்தில், 'தெரியாது' என்று எழுதினேன்.

பக்கத்தில் மணல் நறநறக்கிற சத்தம் கேட்டது. அண்ணி கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார். அஞ்சாம் வகுப்பு வரை தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழ் எழுத்து வராது, எண் வரும். என் நோட்டை வாங்கி, மேலிருந்து கீழே விரலை ஓட்டி, எண்களை மட்டும் படித்தார்.

"நாலரையா? மாட்டுக்கு யாருடி தண்ணி காட்டுவா?"

"அண்ணன் காட்டட்டும்."

"ம்." நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "நா வர்றேன். ஆனா ஒண்ணு. நீ எண்ணிச் சொல்லிக்கினே வா. லெக்க நா எழுதறேன்."

ஒரு வருடம் அவர் கேட்காமல் வைத்திருந்ததெல்லாம் அதில் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

மூடியைத் திருகி மூடி, பேனாவை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கூடைக்குள் போடாமல் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, "எறா கெட்டுப்போயிடும், எழுந்திரு" என்றார்.