அணைந்த சுருட்டு

மயிலத்துக்குப் பக்கத்தில் மண்ணாங்கட்டிக்கு இருந்த ஒன்றரை ஏக்கரில் வருஷா வருஷம் சுருட்டுப் புகையிலைதான். எண்பத்து மூன்றில் உரக் கம்பெனி அதிகாரி கோதண்டபாணி ஜீப்பில் வந்து இறங்கினார். நிலத்தின் நடுவே வரப்புப் போடச் சொன்னார். மேற்குப் பாதிக்கு வேறொருவர் விற்கும் அம்மோனியம் குளோரைடு. கிழக்குப் பாதிக்குத் தங்கள் கம்பெனியின் நைட்ரேட். இரண்டு மூட்டையும் இலவசம்.

“ரெண்டும் தழைச்சத்துதான், பயப்படாதீங்க” என்றார்.

மேற்குப் பாதி கருகருவென்று எழுந்தது. முறம் அகலத்துக்குத் தடித்த இலைகள். மண்ணாங்கட்டியின் மனைவி அஞ்சம்மாள் அங்கேயே கிடந்தாள். புழு பொறுக்கினாள், பக்கக் கிளைகளை ஒடித்தாள். “கிழக்கால இருக்கறது சவலைப் புள்ள” என்று சிரிப்பாள்.

இலை அறுத்துக் காய்ந்து பதமானதும் கோதண்டபாணி களத்தில் பந்தல் போட்டார். சுற்றுவட்ட விவசாயிகள் திரண்டார்கள். புகையிலை வியாபாரி இப்ராஹிம் ஷாவும் வந்திருந்தார். மண்ணாங்கட்டியை மைக் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பாதியிலிருந்தும் ஒரு சுருட்டு சுற்றிக் கொடுத்தார்கள்.

கிழக்குப் பாதிச் சுருட்டு வெள்ளைச் சாம்பலோடு நின்று எரிந்தது. மேற்குப் பாதியுடையது கறுத்து அணைந்தது.

“இன்னொரு வாட்டி பத்த வைங்க” என்றார் கோதண்டபாணி.

மறுபடியும் அணைந்தது. மண்ணாங்கட்டி கன்னம் ஒட்ட இழுத்தான். இருமல்தான் வந்தது. கூட்டம் சிரித்தது. போட்டோக்காரர் குனிந்து படம் பிடித்தார்.

“பார்த்தீங்களா? குளோரைடு இலையில ஏறினா நெருப்பு நிக்காது. அந்த மூட்டையை வாங்கினா உங்களுக்கும் இவர் கதிதான்.”

மண்ணாங்கட்டி சுருட்டைக் கீழே போட்டான். “இது மின்னாடியே தெரியுமா சார் உங்களுக்கு?”

“தெரியாமலா பந்தல் போட்டேன்?” கோதண்டபாணி அவன் கழுத்தில் மாலை போட்டு, எல்லாரையும் கை தட்டச் சொன்னார்.

“கிழக்குப் பாதி இலையையாவது எடுத்துக்குங்க பாய்” என்று அஞ்சம்மாள் வியாபாரியிடம் கெஞ்சினாள்.

“ஊரே பாத்துக்கினு இருந்துச்சேம்மா. உன் வூட்டு இலைன்னா இனிமே எவன் வாங்குவான்?” இப்ராஹிம் ஷா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இலை முழுவதும் மழையில் மக்கியது.

அடுத்த பட்டத்துக்கு மல்லாட்டை போடலாமென்று கடலை விதை வாங்க இருவரும் திண்டிவனம் போனார்கள். பஸ் ஸ்டாண்டு சுவர் நெடுக ஒரே போஸ்டர். அணைந்த சுருட்டை இழுக்கும் மண்ணாங்கட்டி. கீழே, ‘இவரைப் போல் ஏமாறாதீர்!’

அஞ்சம்மாள் நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். “ஏமாத்துனவன் மூஞ்சி எங்கடா?” என்று கத்தினாள். டீக்கடையில் நின்றவர்கள் போஸ்டரையும் அவள் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவன் கன்னம் ஒட்டச் சுருட்டு இழுப்பதுபோல் செய்து காட்டினான்.

மண்ணாங்கட்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். “ஜல்தி வா, போவலாம். பாக்குறாங்க.”

அவள் ஒன்றைக் கிழித்து முடித்திருந்தாள். சுவரில் இன்னும் நிறைய இருந்தன.