செத்தவள் போட்ட குலவை

தாடையில் ஒரு சின்னக் குழி, வெள்ளைத் துணிக்குள்ளிருந்து நர்ஸ் காட்டிய அந்த முகத்தில், அம்மாவுக்கு இருக்கும் அதே குழி, சேந்தன் துணியை இன்னும் கொஞ்சம் விலக்கிப் பார்த்தான், மகள், எனக்கு மகள், என்று முணுமுணுத்தபடி பொள்ளாச்சி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அங்குமிங்கும் நடந்தவன், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே போனை எடுத்து, அம்மா, பேத்தி பொறந்திருக்கா, உன்னாட்டமே இருக்கா, உடனே கெளம்பி வா என்று கத்திவிட்டான், கத்திய பிறகுதான் உறைத்தது, இந்த ஊரைப் பொறுத்தவரை அவன் அம்மா செத்துப்போனவள்.

கூட வேலை பார்த்த வினோதினியைப் பெண் கேட்டுப் போன அன்று, நீங்க என்ன ஆளுங்க என்று அவள் அம்மா கேட்டதும், உங்க சனந்தானுங்க என்று வாய் சொல்லிவிட்டது, அப்பா அம்மா என்றதற்கு ரெண்டு பேருமே இல்லீங்க, அப்பா இல்லாதது நிஜம், அம்மா பரமக்குடிப் பக்கம் ஊருக்கு வெளியே காலனியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள், போய்ச் சொன்னபோது சிரித்தாள், நீ நல்லா இருந்தாச் சரிய்யா, நான் செத்தவளாவே இருந்துக்கிர்றேன், இப்போதும் சிரிக்கிறாள், பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடினால் மிளகாய் நெடியோடு சிரிக்கிறாள், அவள் இடுப்பில் அவன் உட்கார்ந்திருக்கிறான், இல்லை, அது அவன் மகள், விடிந்து கண்ணைத் திறந்து வார்டுக்குள் போனால் வாசலில் நிழலாடுகிறது, கசங்கிய சேலையும் மஞ்சள் பையுமாக அம்மா, நிஜமாகவே அம்மா.

ஆருங்க மாப்ளே இது என்றார் குழந்தையை மடியில் வைத்திருந்த மாமியார். அவன் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள், தம்பி ஊர்க்காரி தாயி, புள்ளைய ஒரு எட்டு பாத்துட்டுப் போயிர்றேன், சொல்லிவிட்டு வாசற்படியைத் தாண்டாமல் எக்கி எக்கிப் பார்த்தாள், அந்த எக்கலைப் பார்த்ததும் அவனுக்குள் ஏதோ உடைத்துக்கொண்டு பொங்கியது, எங்கம்மாங்க இது, சாகலீங்க, நான் சொன்னது பொய், காலனியில இருக்காங்க, நானும் காலனிக்காரன்தான், சொல்லச் சொல்லப் பயம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மாமியார் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். வினோதினி தையல் வலியோடு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள், எங்கிட்டக்கூட மறைச்சீங்கல்ல, அத வீட்டுல வெச்சுக்கறேன் என்று அவனை முறைத்துவிட்டு, அம்மா, புள்ளையக் குடு என்று பிடுங்காத குறையாக வாங்கி, உள்ள வாங்கத்தே என்று வாசலை நோக்கி நீட்டினாள்.

அம்மா செருப்பைக் கழற்றினாள், கைகளைச் சேலையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், பேத்தியை ஏந்தியதும் ஆஸ்பத்திரி என்றுகூடப் பாராமல் நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள், தாழ்வாரத்திலிருந்து நர்சுகள் ஓடி வந்தார்கள், மாமியார் சுவரைவிட்டு நகரவில்லை, குழந்தை வீரிட்டு அழுதது, அம்மா மூச்சை இழுத்துக்கொண்டு இன்னும் பலமாக அடுத்த குலவையைத் தொடங்கினாள்.