சிவப்பு ஜன்னல்கள்

மனைவி ட்ரூடாவின் ஜன்னல் உலைக்குப் போகும் பெல்ட்டில் வந்தபோது கெரார்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சைலீசியா நிலக்கரிச் சீமையில் இடித்த சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளின் மரமெல்லாம் அவன் வேலை பார்க்கும் மின்நிலையத்துக்குத்தான் வந்தது. நிலக்கரியோடு கலந்து எரித்தால் காற்றுக்கு நல்லதாம். எந்தப் புண்ணியவான் சொன்னானோ! சாயம் பூசிய மரத்தைப் பொறுக்கி ஒதுக்குவது கெரார்டின் வேலை.

அவர்கள் குடியிருந்த பழைய வீட்டு ஜன்னலுக்கு அந்தச் சிவப்புச் சாயத்தை வருஷா வருஷம் பூசியவனே அவன்தான். அடிப்பலகையில் வழவழவென்று இரண்டு பள்ளங்கள். மற்றப் பெண்கள் ஜன்னலில் தலையணை போட்டுச் சாய்ந்து ஊர்வம்பு பேசுவார்கள். ட்ரூடா மட்டும், "தலகாணி வச்சா தூங்கிப்புடுவேன், வம்பு போயிரும்" என்று வெறும் முழங்கையை ஊன்றுவாள். அவள் செத்த பிறகு, அவள் வளர்த்த வெள்ளைப் புறாதான் அவனுக்கு மிச்சம்.

ஒதுக்கினால் மழையில் கிடந்து மக்கும். அவனுக்கு மனசு கேட்கவில்லை. எரிந்தாலாவது மின்நிலையத்திலிருந்து ஊர் வீடுகளைச் சூடாக்க வரும் வெந்நீர்க் குழாய் வழியே தன் வீட்டுக்குச் சூடாக வந்து சேர்வாள் என்று விட்டுவிட்டான். அவளை விட்டபின் பக்கத்து வீட்டுக்காரிகளின் ஜன்னல்களை மட்டும் எப்படி மறிப்பது? தெருவே உலைக்குள் போயிற்று.

புறா வளர்க்கிறவர்கள் பேனுக்காகக் கூட்டில் அடுப்புச் சாம்பல் தூவுவார்கள். மரச்சாம்பல்தானே என்று மின்நிலையத்திலிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்து தூவினான். பக்கத்துக் கூட்டுக்கார அலோஜுக்கும் கொடுத்தான். புறா அதைக் கொத்தித் தின்றது. சில நாளில் கழுத்துத் திருகி, பறக்க முடியாமல் சுருண்டது.

அலோஜ் வந்து பார்த்தான். "என் ஜோடியும் இப்படித்தாம்பா போச்சு. மாட்டு டாக்டரு அறுத்துப் பாத்துட்டு ஈய விஷம்னாரு. பழைய செவப்புச் சாயத்துல இருக்குமாம். அத எந்த மடப்பய எரிக்க விட்டான்?"

வெளியே கூரைகள் மேலும் கொடித் துணிகள் மேலும் புகை இறங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் புறா அவன் கையிலேயே அடங்கியது. கூட்டைச் சுரண்டிச் சாம்பலை மூட்டையாகக் கட்டினான். எங்கே கொட்டுவது? தோட்டத்தில் கீரை, ஓடையில் மீன். கடைசியில் வீட்டுக்கே தூக்கி வந்தான்.

வெந்நீர்க் குழாய் டொக் டொக்கென்றது. தெருவில் போகிறவனைக் கூப்பிட அவள் ஜன்னலை அப்படித்தான் தட்டுவாள்.

"வந்துட்ட ட்ரூடா. நீ மட்டுமா, தெருவையே கூட்டிட்டு வந்துட்ட."

மூட்டையை அவள் நாற்காலியில் வைத்தான். கையை எதில் துடைப்பது என்று தெரியாமல் நின்றான்.