அந்தப் பக்கத்துப் பத்து மணி

"நீ அந்தக் கதவுச் சக்கரத்தை விடு. நாற்காலியில போய் உட்காரு. மூடுறது எங்க வேலை."

"அண்ணா, அரை மணி நேரம் பொறு. குழாய்க்குள்ள மூணு பேர் இருக்காங்க. உன் மாப்பிள்ளையும் இருக்கார்."

"போன மாசம் மூடச் சொன்னப்ப மோட்டார் ரிப்பேருன்னே. அதுக்கு முந்தின மாசம் மேலதிகாரி வர்றாருன்னே. இன்னைக்கு ஆளு. அடுத்த தடவை உள்ள யானை நிக்குதுன்னு சொல்லுவியா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பதினைந்து பேர் இருப்பார்கள். எல்லாரும் எங்கள் ஊர்க்காரர்கள், பாதிப் பேர் சொந்தம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் நகரம், இந்தப் பக்கம் எங்கள் ஊர். நகரத்தின் கழிவு ஆள் உயரக் குழாய் ஒன்றில் எல்லைக்கு அடியில் வந்து, நான் காவல் காக்கும் இரும்புக் கதவு வழியாக எங்கள் ஊர்க் குட்டைகளில் விழுகிறது. இரண்டு நாடுகளும் சேர்ந்து நடத்தும் பெருநகர ஆணையத்தில் எங்கள் ஊருக்கும் ஓர் இருக்கை உண்டு. அண்ணன் இரண்டு முறை போய் உட்கார்ந்து வந்தான். தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள், மைக் கொடுத்தார்கள், ஓட்டு மட்டும் கொடுக்கவில்லை. குட்டைகள் நிரம்பி வழிந்து கிணறுகளில் கலந்தன. அண்ணன் மகளின் காலில் வந்த புண் ஆறவே இல்லை. போன மாதம் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஊரார் கடிதம் போட்டார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கதவை மூடுவோம், பிறகு திறக்க மாட்டோம் என்று. கதவு மூடப்படுவதற்குள் உள்ளே உள்ள விரிசல்களைப் பார்த்துவிடலாம் என்று ஆணையத்தார் காலையிலேயே ஆளை இறக்கிவிட்டார்கள்.

என் அறைச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. எங்களுடையது பத்து காட்டியது, நகரத்தினுடையது ஒன்பது.

"அண்ணா, நீங்க பத்துன்னு எழுதினீங்க. அவங்க அவங்க பத்துன்னு நினைச்சுட்டாங்க. அவங்க கணக்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நம்ம பத்தரைக்கு இந்தக் கதவு வழியாத்தான் வெளிய வருவாங்க."

"எங்க ஊர்ல எழுதினா எங்க ஊர்ப் பத்துதான்," என்றான் டிராக்டர்காரன். அண்ணனின் சேக்காளி. சம்மட்டியை வீசி நகரத்துக் கடிகாரத்தை உடைத்தான். மேசைத் தொலைபேசியையும் ஒயரோடு பிடுங்கி எறிந்தான். "இப்ப ஒரே மணிதான். சரியா?"

அண்ணன் என் பதிவேட்டைப் புரட்டினான். இன்றைய பக்கம் காலி.

"ஆள் இருந்தா இதுல இருக்கணுமே."

"உள்ள போறவங்களை அந்தப் பக்கம் எழுதுவாங்க. வெளிய வர்றவங்களை மட்டும்தான் நான் எழுதுவேன்."

"நல்லா இருக்கு உங்க ஆணையம்," என்றான் அண்ணன்.

வாசலில் இருந்த ஆணையத்துக் காவல்காரர் எங்களுக்கு நடுவில் வந்து நின்றார். மண்வெட்டிக் காம்பு அவர் தாடையில் இறங்கியது. விழுந்தவரை நான்கு பேர் மிதித்தார்கள். அவர் வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் வந்து தரையில் உருண்டது. நிறுத்துங்கடா என்று யாரும் சொல்லவில்லை.

நான் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் கணவரை முதல்முதலில் பார்த்தது இந்தக் கதவில்தான். கழுத்துவரை சேறாகக் குழாயிலிருந்து வெளியே வந்து, "குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார். கழிவுக் குழாய்க்குள்ளிருந்து மாப்பிள்ளை எடுத்தவள் என்று ஊரில் இன்றும் கேலி பேசுவார்கள்.

அண்ணன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். சின்ன வயதில் முள் எடுக்கும்போதும் இப்படித்தான் பிரிப்பான். கடைசி இரண்டு விரல்கள் வரவில்லை. டிராக்டர்காரன் மண்வெட்டிக் காம்பால் என் மணிக்கட்டில் அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் எனக்கு முன்னால் அண்ணனுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவன்தான் முதலில் முகம் சுளித்தான். ஆனால் சக்கரத்தை விடவில்லை.

நாற்பது சுற்று. கதவு இறங்கி உட்கார்ந்தது. மறுபடி யாரும் தூக்கக்கூடாது என்று டிராக்டர்காரன் கதவை ஏற்றி இறக்கும் திருகுத் தண்டைச் சம்மட்டியால் அடித்து வளைத்தான். ஒவ்வோர் அடிக்கும் கூட்டம் ஓவென்று கத்தியது.

பிறகு அமைதி. ஒன்பது வருடமாக என் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றுவிட்டது. உலகம் பஞ்சால் அடைக்கப்பட்டது போல இருந்தது.

அந்த அமைதியில் கதவை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

மறுபடி தட்டல், இம்முறை கல்லாலோ சுத்தியலாலோ, வேகமாக. அண்ணன் இரும்பில் காதை வைத்தான். அவன் முகத்தில் வெயில் பட்டுக்கொண்டிருந்தும் அது சாம்பல் நிறமாக மாறியது.

"தூக்குங்கடா," என்றான்.

ஆறு பேர் சக்கரத்தில் தொங்கினார்கள். வளைந்த தண்டு நகரவில்லை. கடப்பாறையை அடியில் கொடுத்தார்கள், கடப்பாறை வளைந்தது. குழாய்க்குள் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மிதவையின் முள் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மீட்டர். ஒன்றேகால். குழாயின் உயரம் இரண்டு.

"வேற வழி இல்லையா? மேல மூடி இருக்குமே?" அண்ணன் என் தோளை உலுக்கினான்.

"எல்லைக்கோட்டுல இருக்கிற மூடி எல்லாத்தையும் காங்கிரீட் போட்டு அடைச்சுட்டாங்க. யாரும் திருட்டுத்தனமா வரக்கூடாதுன்னு. வந்த வழியே திரும்பிப் போறதுக்குள்ள குழாய் நிரம்பிடும். நகரத்துல பம்பை நிறுத்தினாத்தான் தண்ணி ஏறாது."

டிராக்டர்காரன் சம்மட்டியால் கதவையே அடிக்க ஆரம்பித்தான். அடித்துக்கொண்டே அழுதான். சுவரில் எழுதியிருந்த எண்ணை அண்ணன் தன் கைப்பேசியில் அழுத்தினான். ஒலிபெருக்கியில் போட்டான்.

"வணக்கம், பெருநகர ஆணையம். எந்தப் பக்கத்துல இருந்து பேசுறீங்க?"

"கதவுக்குப் பக்கத்துல, ஊர்ல இருந்து. பம்பை நிறுத்தணும், ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க."

"கிராமத்துப் புகார் வியாழக்கிழமைதான் எடுப்போம்."

"புகார் இல்லம்மா. மூணு உயிரு."

"பம்பை நிறுத்த ரெண்டு பக்கத்து அனுமதியும் வேணும். லைன்லயே இருங்க."

ஏதோ ஒரு இசை ஓடியது. ஒன்றரை மீட்டர். தட்டல் இப்போது கதவின் மேல்பகுதியில் கேட்டது. நான் உடையாத கையால் பதிலுக்குத் தட்டினேன். இசை நின்றது. மறுமுனையில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. ஆணா பெண்ணா தெரியவில்லை. அண்ணன் காவல்காரரின் ரத்தத்தின்மேல் முழங்கால் போட்டு உட்கார்ந்தான்.

"ஐயா, மூடினது நான்தான். வேற யாரும் இல்ல. என் பேரை எழுதிக்கோங்க, என்ன கேஸ் வேணும்னாலும் போடுங்க. குட்டை, கிணறு எதைப் பத்தியும் இனிமே வாயே திறக்க மாட்டோம். உள்ள என் தங்கச்சி புருஷன் இருக்கார். அந்தப் பம்பை மட்டும் நிறுத்துங்க, ஐயா."