ஆமையார் எந்த அறையில்

எங்கள் நிறுவனத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இணைய விளையாட்டுகள் செய்கிற கொரிய நிறுவனம். அலுவலகம் என்று ஒரு கட்டடம் இல்லை, அவரவர் வீட்டிலிருந்து வேலை. சேருகிற அன்றே ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு ஒரு மரியாதை விகுதி சேர்த்துத்தான் எல்லோரும் எல்லோரையும் கூப்பிட வேண்டும். வயது பார்த்துப் பணிவதும் அதட்டுவதும் வேலைக்குள் வரக்கூடாது என்று ஏற்பாடு. நான் நத்தையார். என்னோடு மீன்பிடி விளையாட்டில் பிழை தேடியவர் ஆமையார். எங்கள் தலைவர் பனையார்.

கூட்டங்களில் கேமராவை யாரும் போடுவதில்லை. ஆமையாரை எனக்குக் குரலாகத்தான் தெரியும். அப்புறம் அவர் வீட்டு அரிசி குக்கரைத் தெரியும். மதியக் கூட்டத்தின் நடுவில் அது பெண் குரலில், "சோறு தயார், கிளறி விடவும்" என்று அறிவிக்கும்.

"ஆமையாரே, வீட்டம்மா கூப்பிடறாங்க" என்பேன்.

"போகலைன்னா கோவிச்சுக்குவாங்க. இந்த வீட்ல என்கிட்ட பேசற ஒரே ஆளு."

எல்லோரும் சிரிப்போம்.

வெள்ளிக்கிழமை காலை அவர் கணக்கிலிருந்து எங்கள் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. 'நான் அவன் அக்கா. தம்பி நேற்று இறந்துவிட்டான்.' கீழே இன்சோன் நகரில் ஒரு மருத்துவமனையின் இறுதிச்சடங்குக் கூடத்தின் முகவரி. நாளை காலை எடுக்கிறோம் என்றிருந்தது. நாங்கள் பதில் எழுதுவதற்குள் நிறுவனம் அந்தக் கணக்கை மூடிவிட்டது. விதி அப்படி. சொந்தப் பெயரைக் கேட்டதற்கு, தனிப்பட்ட விவரம், தர இயலாது என்றார்கள்.

"மலர் வளையத்துக்கு இறந்தவர் பேரு வேணுமாம்" என்றார் பனையார்.

"ஆமைன்னே போடச் சொல்லுங்க" என்றேன். அதைச் சொல்லும்போதே தவறோ என்று தோன்றியது. ஆனால் வேறு எதைச் சொல்வது?

ரயிலில் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தவள் நான் மட்டும்தான். மாலை ஜப்பானிய வகுப்புக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முகம் தெரியாதவள் போவது முறையா என்று வழியெல்லாம் யோசித்தேன். எடுப்பதற்குள் ஒரு தடவை அவர் முன்னால் தலை வணங்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கூடத்தில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு மலர் வளையம் தனியாக நின்றது. நாடாவில் 'ஆமையாருக்கு - நத்தை, பனை, மற்றும் தோழர்கள்'. எந்த அறை என்று தெரியாமல் கொண்டுவந்தவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சுவர்த் திரையில் அறைக்கு ஒருவராக, இறந்தவர்களின் ஐந்து படங்கள், ஐந்து பெயர்கள். இரண்டு பாட்டிகள். மூன்று ஆண்கள். அதில் ஒருவர் இளைஞர். நம் வயதுக்காரர்தான் என்று எண்ணி அந்த அறைக்குப் போனேன். வாசலில் நின்றவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இங்க... ஆமைன்னு யாராவது..."

"ஆமையா? மீன் சந்தை துறைமுகத்துப் பக்கம் இருக்கு தங்கச்சி" என்றார். பிறகு என் கறுப்பு உடையைப் பார்த்துவிட்டு, "எங்க ஆளு கப்பல்ல இருந்தான்மா. நீங்க தேடறது வேற யாரோ" என்று குரலைத் தாழ்த்தினார்.

அடுத்த அறையிலும் இல்லை. மீதி இருந்தது மூன்றாவது ஆண் மட்டும். படத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலில் ஒரு வளையம்கூட இல்லை. உள்ளே துக்கத்துக்கு அடையாளமாகத் தலையில் வெள்ளை நாடா குத்திய ஒரு மூதாட்டி தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஆமைன்னு..." என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். "நீ பனையா, நத்தையா?"

"நத்தை."

"சின்னப் பொண்ணா இருக்கியே. நத்தை நல்லா கிண்டல் பண்ணும்னு சொல்வான். அவன் வயசுல எதிர்த்த வீட்டு ஆளு யாரோன்னே நெனச்சிருந்தேன்."

படத்தடியில் பெயர்ப் பலகையில் மேங் இல்-சோப் என்றிருந்தது. அறுபத்திரண்டு வயது. சீக்கிரம் கல்யாணம் பண்ணுங்க என்று நான் அவரை எத்தனை முறை சீண்டியிருக்கிறேன்! ஊதுவத்தி ஏற்றி இரண்டு முறை விழுந்து வணங்கினேன். அந்தப் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய பெயராகவே இருந்தது. பிறகு ஆமையாரே என்றேன்.

துக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தருகிற மாட்டிறைச்சிச் சாறும் சோறும் வைத்துவிட்டு அக்கா எதிரில் உட்கார்ந்தார். "உங்ககிட்ட என்னதான் பேசுவான்? என்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டான்."

வேறு எதுவும் நினைவுக்கு வராமல் குக்கர் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். "நான் வீட்டம்மா கூப்பிடறாங்கன்னு சொல்வேன். அதுக்கு அவரு..." கரண்டியை எடுத்துச் சாற்றைக் கிளறினேன்.

"அது நான் வாங்கிக் குடுத்தது" என்றார் அக்கா. "இங்க வைக்க அவன் படத்தை எடுத்துட்டு வர நேத்து அவன் வீட்டுக்குப் போனேன். ஒரு பட்டன்ல கை பட்டுது. சோறு சூடா இருக்குன்னு சொல்லிச்சு."

"அணைச்சிட்டீங்களா?"

"இல்ல" என்றார். என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். "சாப்பிடு."