மற்ற மூன்று ரிம்

காலை ஆறு மணிக்கே என் கராஜ் கதவைத் தட்டினார் லோஜினி டீச்சர். ராத்திரி பிடித்த மழை இன்னும் விடவில்லை. இந்த வலி முழங்காலை வைத்துக்கொண்டு எழுந்து போய்த் திறந்தால், பள்ளிக்கூடச் சேலையும் குடையுமாக நிற்கிறார். பின்னால் அவருடைய சின்னக் கார். வீட்டில் அடித்த காற்று இங்கே வருவதற்குள் பாதி போய், முன்பக்க இடது டயர் சப்பளிந்து கிடந்தது.

"அண்ணே, தெனமும் பம்ப் அடிச்சு அடிச்சு என் தோள்பட்டையே போச்சு. மூணு கராஜுல காட்டிட்டேன். ஒருத்தரு வால்வுங்குறாரு, ஒருத்தரு டயருங்குறாரு. வெறுத்துப் போச்சு. ஏழு மணிக்கு சந்தியில மூணு டீச்சருங்க நிப்பாங்க, எப்படியாச்சும் செஞ்சு குடுங்க."

போன வருஷம் பழசாக வாங்கிய கார். வட்டவளைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு நாலு டீச்சர்களும் அதில்தான் போய்வருகிறார்கள். பாதை முழுக்க வளைவு, ஒரு பக்கம் பள்ளம்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி டயரைப் பிரித்தேன். நினைத்தது சரி. ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பு பூராவும் உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளையாகப் பொரிந்திருந்தது. அலோய் வீல் என்றால் துருவே பிடிக்காது என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. இந்த ஈரத்தில் மனுஷனே பூசணம் பிடித்துப் போகிறான், ரிம் எம்மாத்திரம்! பெயிண்டுக்கு அடியில் தண்ணீர் இறங்கினால் இப்படித்தான், காற்று அந்தச் சொரசொரப்பு வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். தேய்த்துச் சுத்தம் பண்ணினால் போதும், அரை மணி நேர வேலை என்று சொல்லிவிட்டு தேய்க்கிற மண்கடதாசியை நனைத்து உட்கார்ந்தேன்.

"மொதல்லயே ஒங்ககிட்ட வந்திருக்கணும். சூசைரட்ணம் அண்ணன்கிட்ட பொய் புரட்டு இல்லன்னு எங்க ஸ்கூல்ல எல்லாரும் சொல்லுவாங்க" என்றார் டீச்சர்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெயிண்ட் உரிந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கோடு, மங்கிய சாம்பல் நிறத்தில். நகத்தால் சுரண்டினேன். பொடிப்பொடியாக வந்தது. வெடிப்பை அடைத்த கலவை அது; அதைப் போட இந்த ஊரில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

பெட்ரோலுக்கு வரிசை நின்ற வருஷம் போட்டது அது. புது ரிம்முக்கு நாடு முழுக்கத் தேடினாலும் வழியில்லை, கடையில் வெடிப்பை அடைக்கிற பட்டிகூட இல்லை. கிரைண்டருக்கு அடியில் விழும் அலுமினியத் தூளைக் கூட்டி அள்ளி, ரெண்டு டியூப்பைக் கலந்து ஒட்டும் பசையோடு குழைத்து நானே ஒன்று கண்டுபிடித்தேன். கஜேந்திரன் என்று ஒரு ஆள் காரைக் கொண்டுவராமல் இதே நாலு ரிம்மை மட்டும் த்ரீவீல் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். "விக்கப்போற காருதானே பாஸ், வெடிப்பு தெரியாம பூசி விடுங்க" என்றார். பூசினேன். பெயிண்ட் அடித்துக் கொடுத்தபோது, ஒங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும் என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் எத்தனை தடவை கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணியிருப்பேன்! இது ஒரு நாளும் வாய்க்கு வரவில்லை. பாவம் என்று தெரிந்தால்தானே வரும்?

"டீச்சர், இது வெடிப்பு. இந்த ரிம் இனி ஓடாது."

"அய்யய்யோ! எந்தப் பாவி இப்படி பூசி மறைச்சான்? அவன் நல்லாயிருப்பானா? சரி விடுங்கண்ணே, நேரமாகுது. ஸ்பெயார் டயர போடுங்க, நான் போறேன்."

ஸ்பெயாரைப் போட்டேன். நட்டுகளை இறுக்கினேன். இவ்வளவு சுலபமாக முடிகிறதே என்று ஒரு ஆறுதல்கூட வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்தது. டீச்சர் ஏறி உட்கார்ந்து என்ஜினை ஸ்டார்ட் பண்ணினார். சந்தியில் குடை பிடித்து நிற்கும் மூன்று பேர் மனசுக்குள் வந்தார்கள். எழும்ப முடியாமல் எழும்பிப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எறங்குங்க டீச்சர்."

"என்னாண்ணே?"

"அந்தப் பாவி நான்தான். நாலு ரிம்மும் என்கிட்டதான் வந்துச்சு."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"அப்ப மத்த மூணுலயும் வெடிப்பு இருந்திச்சா?"

யோசித்தேன். எவ்வளவோ யோசித்தேன். அந்த வருஷம் எத்தனை ரிம் பூசினேன், எதில் வெடிப்பு, எதில் வெறும் கீறல்!

"ஞாபகம் இல்ல டீச்சர்."

ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் போலிருந்தது. அவர் என்ஜினை நிறுத்திவிட்டு போனை எடுத்தார். "நான் வரல்ல. நீங்க பஸ்ஸ புடிச்சு போங்க. இல்ல, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, பொறவு சொல்றேன்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, மண்கடதாசியை நனைத்தேன். டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். கையை நீட்டி அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். சேலையை இழுத்துச் செருகி, கிரீஸ் படிந்த அந்தச் சிமெந்துத் தரையில் குந்தி, விளிம்பைத் தானே தேய்க்க ஆரம்பித்தார்.