மூன்றாவது பெயர்

பேராசிரியர் ‘ம்மா’ போட்டுப் பேச ஆரம்பித்தாலே வெண்ணிலாவுக்குக் குமட்டும்.

“உன்னை என் பொண்ணு மாதிரிதாம்மா நினைக்கிறேன். கட்டுரையில பிரபாகரன் பேர் முதல்ல இருக்கட்டும், அவனுக்கு வெளிநாட்டு இன்டர்வியூ இருக்கு. ரெண்டாவது நான், நீ மூணாவது. சம்மதம் கேட்டு மெயில் வந்திருக்கும், குடுத்துடு.”

“சார், அது முழுக்க நான் பண்ண வேலை.”

“யாரு இல்லேன்னா? உன் தீசிஸ்ல நானும் கையெழுத்துப் போடணுமேம்மா.” சிரித்தபடியே போனை வைத்துவிட்டார்.

லீவுக்குச் சொந்த ஊரான ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்துக்கு வந்தவளை இங்கேயும் விடவில்லை, மனுஷனா அவர்? கட்டுரை, ஒரு கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஒரு குட்டி கேலக்ஸியைப் பற்றியது. அந்தத் தூரத்துக்குப் பக்கத்து வீடு என்றுதான் வானியல் துறையில் பேர். அதன் விளிம்பில் வெறும் வாயுதான், நட்சத்திரம் பிறக்க வழியில்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் தொலைநோக்கிப் படங்களில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, அங்கே முப்பத்தேழு இடங்களில் புது நட்சத்திரங்கள் பிறப்பதைக் கண்டுபிடித்தவள் வெண்ணிலா. அவளுக்கு ஜூனியரான பிரபாகரன் செய்தது, படங்களுக்குக் கலர் போட்டது மட்டும். வெட்கங்கெட்டவன், காலையில் ‘குட் மார்னிங் அக்கா’ என்று ரோஜாப்பூ வேறு அனுப்பியிருந்தான்.

வாசலில் வலையை உதறிக்கொண்டிருந்த அப்பா தசரதன் நிமிர்ந்தார். “இன்னாம்மா, மூஞ்சி ஒருமாதிரி கீது?”

“நம்ம பாட்டுல இன்னொருத்தன் வலை உட்ட மாதிரி ஆயிடுச்சு நைனா,” என்று நடந்ததைச் சொன்னாள்.

ஏரியில் இன்ன நாள், இன்ன இடம், இன்னாருக்கு என்று சீட்டுக் குலுக்கி வைத்திருக்கும் முறைதான் பாடு. அடுத்தவன் பாட்டில் கை வைத்தவனோடு அந்தக் குப்பத்தில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

தசரதன் காறித் துப்பினார். “படிச்சவன் பண்ற வேலையா இது? முடியாதுன்னு சொல்ட்டு வா, போ.”

உள்ளே போய் மெயிலைத் திறந்தாள். பேராசிரியர் கையெழுத்து இல்லாவிட்டால் ஐந்து வருடப் படிப்பும் வீண். பெயர் வரிசைக்குக் கீழே ‘சம்மதம்’ என்று பச்சையாக ஒரு பொத்தான் இருந்தது. கட்டைவிரலால் தொட்டாள். ‘சமத்தும்மா நீ’ என்று உடனே பதில் வந்தது. போனைக் கட்டிலில் எறிந்தாள்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார். “சொல்ட்டியா?”

“சொல்ட்டேன் நைனா.”

பொய் அத்தனை சுலபமாக வந்தது அவளுக்கே திகைப்பாக இருந்தது. அதற்குள் தசரதன், தெருவில் போன ஆதிநாராயணனைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார். “கேட்டியா? எம்மாம் பெரிய வாத்தியாரு, மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னுட்டா எம் பொண்ணு.”

ஆதிநாராயணன் வெண்ணிலாவை மரியாதையோடு பார்த்தார். “எம் பொண்ணு சரண்யாவும் காலேஜ் போவுதும்மா. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துடும். இந்தத் தைரியத்த அதுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன்.”

“சரி மாமா,” என்றாள் வெண்ணிலா. அந்தக் குரலைக் கேட்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.